அசலைப் பார்க்காதவள்

சிதம்பரம்
5 செப்டம்பர் 2024

அன்புள்ள சாய்ராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கு எனக்குக் குறை ஒன்றும் இல்லை. உன் உடம்பு தேறியதா, மாமியின் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை.

"ஃபோன் பண்ணாதீங்க மச்சான், பண்ணா 'ம்', 'ம்'ன்னுதான் சொல்றீங்க. சொல்றதுக்கு ஏதாவது இருந்தா எழுதுங்க" என்று சொல்லிவிட்டாய். சரி, எழுதுகிறேன். தபால் பெட்டி எங்கே இருக்கிறது என்று மேல வீதியில் நாலு பேரிடம் விசாரிக்க வேண்டியிருந்தது.

கடையில் வியாபாரம் பரவாயில்லை. காலேஜ் பிள்ளைகள் பவரே இல்லாத கண்ணாடி கேட்டு வருகிறார்கள். அழகுக்காம். காதையும் மூக்கையும் அளந்து மாட்டி அனுப்புகிறேன்.

அக்டோபரில் நம் திரைப்படக் கழகத்தில் ஒரே கதையை இரண்டு ஞாயிறு போடுகிறோம். முதல் ஞாயிறு ஜப்பான் படம். அடுத்த ஞாயிறு, அதை அமெரிக்காக்காரர்கள் திரும்ப எடுத்த படம். முடிந்ததும் அசலுக்கு நகல் ஈடாகுமா என்று நான் பேச வேண்டும். எழிலன் நோட்டீஸே அடித்துவிட்டான்.

நாம் சேர்ந்து பார்த்த படங்கள்தான். துறைமுக ஊரில் விளக்குக்கடை வைத்திருக்கும் புருஷனும் பெண்டாட்டியும். ஒரே மகன் கடலில் மூழ்கிப் போய்விடுகிறான். அவள் அக்கா வீட்டுக்குப் போய்விடுகிறாள். இவன் வாராவாரம் படகேறிப் போய், அந்த வீட்டுப் படியில் ஒரு ஜாடி ஊறுகாயை வைத்துவிட்டு, கதவைத் தட்டாமலே திரும்புவான். கடைசியில் ஒரு நாள், கழுவிக் கவிழ்த்த ஜாடி படியில் இருக்கும். அவ்வளவுதான். அமெரிக்காக்காரன் என்ன செய்தான்? மழையைக் கொட்டவிட்டு, கதவை இடிக்கவிட்டு, பேசு பேசு என்று பேசவைத்து, அவள் ஓடிவந்து கட்டிக்கொள்ள, பின்னால் வயலினையும் இழுக்கவிட்டான். ஜாடியில் இருந்த அத்தனையையும் கீழே கொட்டிவிட்டான் பாவி. ஈடாகவே ஆகாது என்பதுதான் என் கட்சி.

உனக்கு அந்த அமெரிக்கப் படம்தான் பிடிக்கும். ஏன் என்று நீ சொன்னதில்லை. எழுதினால் பேச்சுக்கு உதவும்.

துஆவுடன்,
ரஃபியுதீன்

பி.கு. போன மாதம் வைத்துவிட்டு வந்த சீத்தாப்பழம் இனிப்பாக இருந்ததா?


செம்மண்டலம், கடலூர்
13 செப்டம்பர் 2024

மரியாதைக்குரிய மச்சானுக்கு,

வஅலைக்கும் ஸலாம். அம்மாவின் முட்டிவலி மழை வந்தால் வரும், வெயில் வந்தாலும் வரும். நான் எழுந்து நடமாடுகிறேன். சாயங்காலம் தெருப்பிள்ளைகள் நாலைந்து பேருக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன்.

பிஸ்மில்லாஹ் சொல்லி உறையைப் பிரித்தேன். உள்ளே சினிமா விமர்சனம். அம்மா கதவோரம் நின்று, "மாப்பிள்ளை என்ன எழுதியிருக்காரு?" என்று கேட்டார்கள். ஜப்பானில் எல்லாரும் நலம் என்றேன்.

சீத்தாப்பழம் என்று படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. பிரசவத்துக்குப் பின் நாற்பது நாள் முடிந்தால் புருஷன் வந்து அழைத்துப்போவது நம் வழக்கம். நாற்பது முடிந்த மறுநாள் நான் தலைக்குக் குளித்து, பெட்டியையும் கட்டி வைத்திருந்தேன். அம்மா பிரியாணிக்கு அரிசி ஊறப்போட்டார்கள். நீங்கள் வரவில்லை. சாயங்காலம் கேட்டில் ஒரு பை தொங்கியது. பக்கத்து வீட்டு ராஜாமணி அக்கா தோட்டத்தில் சீத்தா மரம் இருக்கிறது. அவர்தான் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்து, அம்மா பதிலுக்கு ஒரு டிபன் கேரியர் பிரியாணி கொடுத்தனுப்பினார்கள். "எதுக்குங்க இதெல்லாம்?" என்று கேட்டுவிட்டு அவரும் வாங்கிக்கொண்டார். உங்கள் பங்கு பிரியாணி அது.

அப்படியானால் வந்திருக்கிறீர்கள். சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி வந்து, பையை மாட்டிவிட்டு, ஜப்பான்காரன் மாதிரி திரும்பிப் போயிருக்கிறீர்கள். நான் அதைக் கண்டுபிடித்து, பையைத் துவைத்துக் காயவைத்து கேட்டில் தொங்கவிட வேண்டும் என்று காத்திருந்தீர்களா? இதைப் படித்துச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. நான் அழுதேன்.

எனக்கு ஏன் அமெரிக்கப் படம் பிடிக்கும் என்று கேட்டீர்கள். ஜப்பான் படத்தில் கேமரா அந்த வீட்டுக்குள் ஒரு தடவையாவது போகிறதா? போகாது. படம் முழுக்க அவனோடு வாசலில்தான் நிற்கும். அவன் நடப்பதும் அவன் முதுகும் படகும் தெரியும். உள்ளே அவள் சாப்பிட்டாளா, அக்காவோடு சண்டை போட்டாளா, பால் கட்டி மார் வலித்ததா, அந்த டைரக்டருக்குக் கவலை இல்லை. அமெரிக்காக்காரன் வயலின் வாசிக்கட்டும், மழையை லாரியில் கொண்டுவந்து கொட்டட்டும். ஆனால் அவன் உள்ளே போய் அவளைப் பார்த்தான். அவள் மேசையில் தலையைக் கவிழ்த்து, "அவன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்று அக்காவிடம் சொல்வாளே, அந்தக் காட்சி உங்கள் அசலில் இல்லை.

உங்கள் பேச்சுக்கு இது போதும். இனி என் பேச்சு. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். பிள்ளை முகம் எப்படி இருந்தது என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு "ம்" என்றீர்கள். கேட்ட கேள்விக்கு அது பதிலா? இன்று வரை வேறு பதில் வரவில்லை.

நவம்பரில் தம்பி ஆசிக் துபாயிலிருந்து லீவில் வருகிறான். "ஜமாத்தில் பேசிப் பிரிஞ்சிடலாம்க்கா, எத்தனை நாளைக்கு இப்படியே?" என்கிறான். நான் சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை.

சாய்ரா


சிதம்பரம்
22 செப்டம்பர் 2024

அன்புள்ள சாய்ராவுக்கு,

ஸலாம். உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். படிக்கும்போது வாடிக்கையாளர் ஒருவர் வந்து நின்றதைக்கூட கவனிக்கவில்லை.

வாசல் வரை வந்தவனை இப்படிக் கிண்டல் செய்வாய் என்று நினைக்கவில்லை. உள்ளே வந்தால் மாமி இருப்பார்கள், பக்கத்து வீட்டார் எட்டிப் பார்ப்பார்கள், என்னைச் சோபாவில் உட்காரவைத்து டீ கொடுப்பார்கள். என்ன சொல்வது நான்? கேட்டருகே நின்றபோது உள்ளே நீ யாருக்கோ வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும் சத்தம் கேட்டது. குரல் தெம்பாக இருந்தது. அதைக் கேட்டே திரும்பினேன். எனக்கு அது பெரிய விஷயமாக இருந்தது.

நீ கேட்டதற்கு வருகிறேன். நான் சொல்ல மறுக்கவில்லை. சொல்ல வரவில்லை, அவ்வளவுதான். கண் இப்படி, மூக்கு இப்படி என்று நான் சொல்லச் சொல்ல, உன் மனதில் ஒரு பிள்ளை உருவாகும். அது நம் பிள்ளையாக இருக்காது. நான் சொல்லிச் செய்த பிள்ளையாக இருக்கும். அந்த ஜப்பான் நடிகர் முகத்தில் இருந்ததை வசனமாக்கப் போய்த்தானே அமெரிக்காக்காரன் கெடுத்தான். பார்த்தது பார்த்தபடி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அதை எடுத்துக் கெடுக்க எனக்கு மனம் இல்லை. இதைப் புரிந்துகொள்ளக்கூடியவள் நீ ஒருத்திதான் என்று இருந்தேன்.

கேமரா உள்ளே போகவில்லை என்று நீ சொன்னது எனக்குத் தோன்றாதது. பேச்சில் உன் பெயர் சொல்லியே சொல்வேன்.

ஆசிக் வந்து பேசுவதானால் பேசட்டும். நான் யாருக்கும் தடை இல்லை.

ரஃபியுதீன்


செம்மண்டலம்
1 அக்டோபர் 2024

மச்சானுக்கு,

ஸலாம். "நான் யாருக்கும் தடை இல்லை." இதை எழுதுவதற்கு எப்படிக் கை வந்தது?

கோபத்தை ஒதுக்கிவைத்துவிட்டு எழுதுகிறேன். நான் அந்தக் கதையை முதலில் பார்த்தது அமெரிக்கப் படமாகத்தான், அதுவும் டிவியில், தமிழ் டப்பிங்கில். அப்போது நமக்குக் கல்யாணம் ஆகவில்லை. அமெரிக்கப் பொம்பளை, "ஐயோ, என் புள்ள" என்று தமிழில் அழுவாள், உதடு ஒரு பக்கம் போகும், குரல் ஒரு பக்கம் போகும். நடுவில் சோப்பு விளம்பரம். நானும் அம்மாவும் அப்படியே உட்கார்ந்து அழுதோம். அதற்கு ஒரு அசல் இருக்கிறது, அது இன்னும் ஒசத்தி என்றெல்லாம் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. தெரிந்திருந்தாலும் அது எங்களுக்கு எங்கே கிடைத்திருக்கும்? எங்கள் கைக்கு வந்தது அதுதான். அதுவே எங்களுக்குப் போதுமாயிருந்தது.

ஈடாகுமா ஆகாதா என்று நீங்கள் கேட்கிறீர்கள். படத்தில் இரண்டையும் பார்த்தோம். பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிறுத்துப் பார்க்கலாம். பிள்ளை விஷயத்தில் நான் அசலைப் பார்க்கவில்லை மச்சான்.

ஊசி போட்டு மயங்கிக் கிடந்தேன். ரத்தம் நிற்கவில்லை என்று டாக்டர்கள் என்னைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்களாம். நர்ஸ் பிள்ளையைக் கொண்டுவந்தபோது, பார்த்தால் தாங்கமாட்டேன் என்று அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்களாம். நீங்கள்தான் வாங்கினீர்கள். உங்கள் ஊர் லால்பேட்டைக்குக் கொண்டுபோய் அடக்கிவிட்டு வந்தீர்கள். நான் விழித்தபோது உங்கள் சட்டைக் கையில் ஈரமண் இருந்தது. என் வயிற்றில் ஏழு மாதம் இருந்தவளைப் பற்றி எனக்குத் தெரிந்தது அந்த மண்தான். ஒரு போட்டோகூட இல்லை. எடுக்கத் தோன்றாதது உங்கள் தப்பு என்று சொல்லமாட்டேன், அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றாது. மையத்தாங்கொல்லைக்குப் போய் அடக்கிய இடத்தைப் பார்க்கவும் பெண்களுக்கு வழக்கமில்லை.

அவள் முகத்தைப் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். பத்திரமாக இருக்கிறது என்று நீங்கள் எழுதியபோது, என் நகையை நீங்கள் பூட்டி வைத்துக்கொண்டு "பத்திரமாக இருக்கிறது" என்று சொன்னது போல் இருந்தது. எனக்கு நகல் போதும். உதடும் குரலும் ஒட்டாத நகலாக இருந்தாலும் போதும். நடுவில் சோப்பு விளம்பரம் வந்தாலும் பரவாயில்லை.

சாய்ரா


செம்மண்டலம்
19 அக்டோபர் 2024

ரஃபியுதீன் அவர்களுக்கு,

பதினைந்து நாளுக்கு மேல் ஆகிறது, பதில் இல்லை. வாயில் கொழுக்கட்டை போல, கையிலும் கொழுக்கட்டை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று எழிலன் வீட்டு இளமதி ஃபோன் செய்தாள். கூட்டம் நன்றாக நடந்ததாம். மண்டபத்து மாடியில் நாற்காலி போதாமல் பாய் விரித்தார்களாம்.

அவள் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னாள். "அண்ணன் எப்படிப் பேசுனாருன்னு நீங்க கேட்டிருக்கணும் அக்கா. 'எனக்கும் ஒரு மக இருந்தா. மண்ணுல வைக்கிறதுக்கு முன்னாடி அவ மொகத்த நான் பாத்தேன். அவ அம்மா கேட்டா, என்னால சொல்ல முடியல. அதனாலதான் அந்த ஜப்பான்காரன எனக்குப் புடிச்சிருக்கு'ன்னாரு. நான் அழுதுட்டேன்" என்றாள். கைதட்டினார்களாமே.

என் பெயரையும் சொன்னீர்களாம், கேமரா உள்ளே போகவில்லை என்ற இடத்தில். வாக்கைக் காப்பாற்றியதற்கு நன்றி.

பாயில் உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் சொல்ல உங்களுக்கு வாய் வந்திருக்கிறது. அவர்கள் உங்களிடம் கேட்கவில்லை. அவர்களுக்கு அவள் யாரோ. சினிமா பார்க்க வந்தவர்கள், பார்த்துவிட்டு டீ குடித்துவிட்டுப் போயிருப்பார்கள். அவள் முகம் உங்கள் பேச்சுக்கு ஒரு முடிவாக உதவியிருக்கிறது. எனக்கு இப்போது எரிகிறது. நீங்கள் பேசத் தெரியாதவர் என்றுதான் இத்தனை நாளும் அம்மாவிடமும் ஆசிக்கிடமும் உங்களுக்காக வக்காலத்து வாங்கினேன். பேசத் தெரிந்திருக்கிறது. என்னிடம்தான் பேசத் தெரியவில்லை.

ஆசிக் அடுத்த மாதம் முதல் வாரம் வருகிறான். அவன் ஜமாத்துக்குப் போவதானால் நான் இனி மறிக்கமாட்டேன். கடையில் பாதியிலேயே நிற்கும் என் கண்ணாடியை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள்.

சாய்ரா


சிதம்பரம்
27 அக்டோபர் 2024

சாய்ரா,

அஸ்ஸலாமு அலைக்கும். இதில் சினிமா இல்லை. இதற்கு முன் எழுதியவற்றையெல்லாம் கிழித்துவிட்டேன். இதையும் திரும்பப் படிக்காமல் அனுப்பப் போகிறேன்.

லால்பேட்டையில் நம் வீட்டுப் பின்கட்டில், பள்ளிவாசல் மோதினார் தண்ணீர் ஊற்ற, நான்தான் குளிப்பாட்டினேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும் என்று அவர் விளாவிக் கொண்டுவந்தார். ஒரு கையிலேயே அடங்கினாள்.

தலைமுடி நிறைய இருந்தது. கறுப்பு. ஈரத்தில் நெற்றியோடு ஒட்டிக்கொண்டு, கொஞ்சம் புருவம் வரை வந்தது. நெற்றி உன் நெற்றிதான், அகலம். நிறம் என்ன என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சிவப்பும் நீலமும் கலந்திருந்தது. கண் மூடியிருந்தது. இமை மயிர் இருந்தது, இருக்காது என்று நினைத்திருந்தேன். நான் முகத்தை அளந்து பிழைப்பவன், எனக்கு அந்தப் புத்திதான் முதலில் வரும். கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவே என் சுண்டுவிரல் அகலம்தான் இருந்தது. மூக்குத்தண்டு இன்னும் எழும்பவில்லை, கண்ணாடி மாட்டினால் நிற்காது. நுனி மட்டும் என் அத்தா மாதிரி உருண்டை. பெண்பிள்ளைக்கு அந்த மூக்கு வேண்டாமே என்று அந்த நேரத்திலும் நினைத்தேன், அல்லாஹ் மன்னிக்கட்டும்.

வாய் கொஞ்சம் திறந்திருந்தது. மேலுதட்டில் சின்ன வெள்ளைக் கொப்புளம் ஒன்று. கீழுதடு உள்ளே மடிந்திருந்தது, நீ கணக்குப் போடும்போது கடித்துக்கொள்வாயே, அப்படி. காது மடல் ஒன்று மடங்கியிருந்தது. விரலால் நிமிர்த்தினேன். விட்டதும் மறுபடி மடங்கிக்கொண்டது. மோதினார், "விடுங்க தம்பி, நேரமாவுது" என்றார். நான் விடவில்லை. துணி சுற்றும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன்.

அது வலது காதா இடது காதா என்று எழுத வரும்போது நின்றுவிட்டேன் சாய்ரா. எனக்குத் தெரியவில்லை. என் கை இருந்த பக்கத்தை வைத்து யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. சொல்லாமல் வைத்திருந்தால் அப்படியே இருக்கும் என்று நம்பியிருந்தேன். உட்கார்ந்து தேடினால் பாதியைக் காணோம். மேவாய் எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நாலு மாதத்தில் இவ்வளவு போய்விட்டது. இன்னும் எவ்வளவு போகும் என்று பயமாக இருக்கிறது. அதனால்தான் இன்றே எழுதுகிறேன்.

நாம் பேசி வைத்திருந்த பெயரைத்தான் வைத்தேன். குழிக்குள் இறக்கும்போது தஹ்ஸீன் என்று கூப்பிட்டேன். அதை அந்த மாடியில் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

கூட்டத்தில் ஏன் சொன்னேன் என்று கேட்டால், அங்கே யாரும் என்னைத் திருப்பிக் கேட்கமாட்டார்கள். நீ கேட்பாய். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குப் பயம். இப்போதும் பயம்தான்.

உன் கண்ணாடி தயாராகிவிட்டது. கொடுத்தனுப்பவா, நானே கொண்டுவரவா என்று நீ சொன்னபடி செய்கிறேன்.

ரஃபியுதீன்


செம்மண்டலம்
6 நவம்பர் 2024

அன்புள்ள மச்சானுக்கு,

வஅலைக்கும் ஸலாம். உங்கள் கடிதம் வந்த அன்று மழை. நான் படித்துவிட்டு அம்மாவிடம் கொடுத்தேன். ஏழு மாதமாகப் பார்க்கக் காத்திருந்துவிட்டு அன்றைக்குச் சுவரைப் பார்த்தவர்கள், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசித்தார்கள். முடித்ததும், "மூக்கு போனா போவுது, முடி நெறைய இருந்திருக்கு பாரு" என்றார்கள்.

ஆசிக் வந்துவிட்டான். வந்ததும் வராததுமாகப் பேச்சை எடுத்தான். கொஞ்சம் பொறு என்றேன். அவனுக்குக் கோபம். நான் சிதம்பரத்துக்குத் திரும்பி வருவதைப் பற்றி உங்களுக்கு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, இதை நீங்கள் அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கே தெரியாது. கூட்டத்தில் நீங்கள் பேசியது இன்னும் எனக்குள் ஆறவில்லை, அதையும் மறைக்கவில்லை.

வலது காது, இடது காது என்பதை விடுங்கள். மனதில் இரண்டு காதையும் மடக்கிப் பார்த்தாகிவிட்டது.

முகத்தை எழுதினீர்கள். காலைப் பற்றி எழுதவில்லை. ஐந்தாம் மாதத்திலிருந்து அவள் என்னை உதைத்துக்கொண்டே இருந்தாள். வலது விலாவுக்குக் கீழே, ஒரே இடத்தில், சாப்பிட்டு முடித்ததும் ஆரம்பிப்பாள். நீங்கள் கை வைத்தால் மட்டும் நின்றுவிடும். வாப்பா கையென்று தெரிந்து மரியாதை தருகிறாள் என்று கேலி செய்வேன். அந்தக் கால் எவ்வளவு பெரிசு, எவ்வளவு சின்னது, நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அது எப்படி உதைக்கும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அதை நான் உங்களுக்குச் சொன்னதே இல்லை.

காலைப் பற்றித் தபாலில் எழுத வேண்டாம். வந்து, என் எதிரில் உட்கார்ந்து சொல்லுங்கள்.

சாய்ரா